ஜிப் திறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பழுது நீக்கும் வழி

பெங்களூரில் ஒரே வேலைக்குள் மூன்று நான்கு வகைக் கணினிகள் கலந்துவிடுகின்றன. அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ் அமைப்பு ஆண்டு மலர் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளை டிடிபி கடையில் விண்டோஸில் அடிக்கிறார்கள். அட்டை வரைகிறவர் மேக்கில் வேலை செய்கிறார். இணையதளத்தில் ஏற்றுகிற பையன் கையில் உபுண்டு லினக்ஸ். படங்கள் ஆளாளுக்குப் போனிலிருந்து வருகின்றன. இத்தனையும் ஜிப்பாகத்தான், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரே ஃபைலாகத்தான், கைமாறுகின்றன. எப்படியும் ஒரு நாள் "அண்ணா, நீங்க அனுப்பின ஜிப் கரப்ட் ஆயிடுச்சு, திரும்ப அனுப்புங்க" என்று ஒரு மெசேஜ் வந்து சேரும்.

திரும்ப அனுப்பினால் பெரும்பாலும் அதே கதைதான் நடக்கும். டவுன்லோடு பாதியில் அறுந்தால் ஒழிய, ஜிப்புக்குள் இருக்கும் ஃபைல்களின் உள்ளடக்கம் அப்படியே நலமாக இருக்கும். கெடுவதெல்லாம் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டுதான்: பெயர், பாதை, நேரம், அனுமதி, பூட்டின் வகை. இவற்றை விண்டோஸ் ஒரு மாதிரியும் மேக் ஒரு மாதிரியும் லினக்ஸ் ஒரு மாதிரியும் எழுதிப் படிக்கின்றன. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை, வந்த ஜிப்பை அழிக்காமல் ஒரு நகல் எடுத்து ஓரமாக வைப்பது. தவறாகப் பிரித்துவிட்டால் அதிலிருந்துதான் மறுபடி பிரிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை சோதனை. ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸில் 7-ஜிப் என்ற மென்பொருளைத் திறந்து, ஜிப்பைத் தேர்ந்தெடுத்து, மேலே இருக்கும் "டெஸ்ட்" பொத்தானை அழுத்துங்கள். மேக்கிலும் உபுண்டுவிலும் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் "அன்ஜிப் மைனஸ் டீ" என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஃபைலை இழுத்துப் போட்டு என்டர் தட்டினால் போதும். பிழை இல்லை என்று வந்தால் உள்ளடக்கம் முழுசாக இருக்கிறது. திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டாம், கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். (கட்டளைகளை எல்லாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறோம். போனில் ஒருவர் சொல்ல இன்னொருவர் ஆங்கிலத்தில் தட்டுவதற்கு அதுதான் தோது.)

அறிகுறி: திறக்கவே மாட்டேன் என்கிறது, "செல்லாத ஃபைல்" என்று வருகிறது

முதலில் அளவைப் பாருங்கள். 300 எம்பி வர வேண்டிய இடத்தில் 40 கேபி இருந்தால், வந்தது ஜிப்பே இல்லை. லாகின் கேட்கும் இணையப் பக்கம் ஜிப் என்ற பெயரில் சேமிப்பாகியிருக்கும். டிரைவ் லிங்க்கை "எல்லோருக்கும்" என்று திறந்துவிடாமல் அனுப்பினால் இப்படி ஆகும். சிறிய ஃபைல் என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். உண்மையான ஜிப் ஆங்கிலத்தில் பி, கே என்ற இரண்டு எழுத்தோடு தொடங்கும். 1989-இல் இந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை. 'ரார்' என்ற சொல்லும் ஆச்சரியக்குறியும் தெரிந்தால் அது ரார். 7, இசட் என்று தொடங்கினால் செவன்-ஜிப். இரண்டும் ஜிப் போன்ற வேறு வடிவங்கள். (7-ஜிப் என்று எண்ணில் எழுதினால் மென்பொருள், செவன்-ஜிப் என்று எழுத்தில் எழுதினால் ஃபைல் வடிவம்.) கோண அடைப்புக்குறியும் 'எச்டிஎம்எல்' என்ற சொல்லும் தெரிந்தால் இணையப் பக்கம். மேக்கிலும் உபுண்டுவிலும் "ஃபைல்" என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அது இந்த முதல் பைட்டுகளைப் பார்த்து வகையைச் சொல்லிவிடும். பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒட்டை நம்ப வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஜிப் நன்றாகத் திறக்கிறது, ஆனால் உள்ளே கட்டுரை இல்லை. 'வேர்ட்' என்று ஒரு ஃபோல்டரும் நாலைந்து எக்ஸ்எம்எல் ஃபைல்களும்தான் கிடக்கின்றன. கட்டுரை எங்கும் போகவில்லை. டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், இபப், ஏபிகே எல்லாம் உள்ளுக்குள் ஜிப்தான். சில போன் செயலிகள் வாங்கும்போது ஒட்டை மாற்றிவிடுகின்றன. ஜிப் என்பதை அழித்துவிட்டு டாக்எக்ஸ் என்று பெயர் மாற்றினால் வேர்டில் திறக்கும்.

அளவு கொஞ்சம்தான் குறைகிறது என்றால் டவுன்லோடு பாதியில் நின்றிருக்கிறது. ஜிப்பின் பொருளடக்கம் ஃபைலின் கடைசியில் இருக்கிறது. அதனால் கடைசி சில கேபி வராவிட்டாலும் "பொருளடக்கத்தைக் காணோம்" என்று மொத்தமாகக் கைவிரித்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் தனியாகவும் ஒரு சிறிய தலைப்பு உண்டு. ஆகவே அறுந்த இடத்துக்கு முன்னால் இருப்பவற்றை மீட்கலாம். 7-ஜிப்பில் திறந்து எச்சரிக்கையைத் தாண்டிப் பிரித்துப் பாருங்கள். உபுண்டுவில் "ஜிப் மைனஸ் எஃப்எஃப்" (இரண்டும் பெரிய எழுத்து), பழைய ஃபைல் பெயர், "மைனஸ் மைனஸ் அவுட்", புதிய பெயர் என்று தட்டினால் பொருளடக்கத்தைப் புதிதாக எழுதித் தரும். லினக்ஸில் வழக்கமான டார்-ஜீஜிப் என்ற வடிவமும் அறுந்த இடம்வரை பிரியும், ஏனென்றால் அது முதலிலிருந்து வரிசையாகப் படிக்கப்படுவது. செவன்-ஜிப் வடிவம் அறுந்தால் மீட்பது அநேகமாக முடியாத காரியம். அதற்குத் தலைப்பு விவரமும் கடைசியில்தான், உள்ளே எல்லா ஃபைல்களும் ஒன்றாகப் பிசைந்து சுருக்கப்பட்டிருக்கும். அதைத் திரும்ப டவுன்லோடு செய்யத்தான் வேண்டும்.

அறிகுறி: மேக்கில் இரட்டைக் கிளிக் செய்தால் சிபிஜீஇசட் என்று ஒன்று வருகிறது, அதைத் திறந்தால் மறுபடி ஜிப்

இது ஒரு சுழல், எத்தனை முறை கிளிக் செய்தாலும் முடியாது. மேக்கில் ஜிப்பைக் கட்டவும் பிரிக்கவும் உள்ள ஆர்கைவ் யூட்டிலிட்டிக்கு ஃபைலின் வகை பிடிபடவில்லை என்றால், அதைச் சுருக்க வேண்டிய ஃபைல் என்று நினைத்துச் சுருக்கிவிடுகிறது. பாதி டவுன்லோடுதான் முதல் சந்தேகம். அளவு சரி என்றால் டெர்மினலில் "அன்ஜிப்" மூலமோ, "தி அன்ஆர்கைவர்" அல்லது "கேக்கா" செயலி மூலமோ பிரியுங்கள்.

அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன

தமிழில் பெயர் வைக்கிறவர்களைத் தினமும் வதைப்பது இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஜிப் பிறந்த காலத்தில் பெயர்கள் விண்டோஸுக்கு முந்தைய டாஸின் 437 என்ற எழுத்துப் பட்டியலில் எழுதப்பட்டன. அதில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய எழுத்துகளும் பெட்டிக் கோடுகளும்தான் இருந்தன. எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக எழுதும் முறை யூடிஎஃப்-8. 2006-இல்தான் "இந்தப் பெயர் யூடிஎஃப்-8" என்று சொல்ல ஒரு கொடி, பதினோராம் பிட், வரையறையில் சேர்ந்தது. மேக்கின் ஆர்கைவ் யூட்டிலிட்டி பெயர்களை யூடிஎஃப்-8-இல்தான் எழுதுகிறது, ஆனால் பல பதிப்புகளில் அந்தக் கொடியை ஏற்றுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்புளோரர் கொடியைத் தேடுகிறது, காணோம், சரி பழைய பட்டியல்தான் என்று முடிவுசெய்து 437-இன்படி படித்துவிடுகிறது. ஒரு சொல் தவறாமல் வந்தும் தப்பாக வாசிக்கப்படுகிறது.

கிறுக்கலை உற்றுப் பார்த்தால் அது எந்த மொழி என்றே சொல்லிவிடலாம். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், 437 பட்டியலில் அது கிரேக்க ஆல்ஃபா. இரண்டாவது பைட் 'க', 'ம' போன்ற எழுத்துகளுக்கும் கால், இகரக் குறிக்கும் இடப்பக்கம் பார்க்கும் இரட்டைக் கோண மேற்கோளாகத் தெரியும். ஈகாரக் குறி முதல் புள்ளிவரை உள்ளவற்றுக்கு வலப்பக்கம் பார்க்கும் மேற்கோள். ஆக, ஆல்ஃபாவும் கோண மேற்கோளும் மாறி மாறி வந்தால் அது தமிழ். ஆல்ஃபாவுக்குப் பின்னால் புள்ளிபுள்ளியான கட்டமோ செங்குத்துக் கோடோ வந்தால் கன்னடம். தலையில் அலைக்கோடு போட்ட என் எழுத்து வந்தால் இந்தி. பெங்களூரில் மூன்று மொழிப் பெயர்களும் ஒரே ஜிப்பில் வரும், ஆகவே இந்த அடையாளம் உண்மையிலேயே கைகொடுக்கும். இந்த வடிவில் கிறுக்கல் தெரிகிறது என்றாலே ஒரு பைட்கூடத் தொலையவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

சரிசெய்ய: கிறுக்கலாகப் பிரிந்த ஃபோல்டரை அழித்துவிட்டு, மூல ஜிப்பை எக்ஸ்புளோரரில் திறக்காமல் 7-ஜிப்பில் திறங்கள். பெரும்பாலும் பெயர்கள் உடனே தமிழில் வந்துவிடும். வராவிட்டால் கட்டளைச் சாளரத்தில் 7-ஜிப் நிறுவிய ஃபோல்டருக்குள் போய், "7இசட்", இடைவெளி, "எக்ஸ்", இடைவெளி, "மைனஸ் எம்சிபி சமம் 65001", இடைவெளி, ஜிப்பின் முழுப் பாதை என்று தட்டுங்கள். 65001 என்பது விண்டோஸில் யூடிஎஃப்-8-க்கு உரிய எண். ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து மாற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஒரே வரியில் முடிகிற வேலை இது.

லினக்ஸ் சர்வரில் கிறுக்கல் வேறு மாதிரி வரும். ஹேஷ் குறி, பெரிய யூ, பிறகு 0பி95 என்பது போல நான்கு இலக்கம். 0பி95 என்றால் 'க'. அன்ஜிப் கருவி பெயரைச் சரியாகவே படித்துவிட்டது, ஆனால் அந்த சர்வரின் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருப்பதால் எழுத முடியாமல் எண்ணாக எழுதிவைத்திருக்கிறது. கட்டளைக்கு முன்னால் "எல்சி_ஆல் சமம் சி டாட் யூடிஎஃப்-8" என்று சேர்த்து மறுபடி பிரித்தால் தமிழ் வந்துவிடும். வாடகை சர்வர்களிலும் டாக்கர் பெட்டிகளிலும் இது அடிக்கடி நடக்கிறது.

இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற டிடிபி கடைகளில் ஒரு சிக்கல்: எக்ஸ்புளோரரில் "கம்ப்ரஸ்டு ஃபோல்டருக்கு அனுப்பு" என்றால், இந்த எழுத்துகளை ஏற்க முடியாது என்று மறுத்துவிடும். அங்கேயும் 7-ஜிப்தான் வழி.

அறிகுறி: ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள், அல்லது கண்முன்னே இருக்கும் ஃபைலை "இல்லை" என்கிறது

'போட்டோ' என்று ஒரு ஃபோல்டர். மேக்கிலிருந்து வந்த ஜிப்பை உபுண்டுவில் பிரித்தால், ஏற்கெனவே இருந்த 'போட்டோ'வுக்குப் பக்கத்திலேயே இன்னொரு 'போட்டோ' வந்து உட்காருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலத் தெரியும். காரணம் ஓகாரக் குறி. யூனிகோடில் 'ோ' என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்தே வைக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவிலேயே வைத்துக்கொண்டாலும், மேக்கில் கட்டிய ஜிப்பில் பல நேரம் பிரிந்த வடிவமே வருகிறது. மேக் இரண்டையும் ஒன்றாகவே பாவிப்பதால் அங்கே தொல்லை தெரியாது. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை வேறு வேறு பெயர்கள்.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய பெயர்கள் மட்டும்தான் இதில் மாட்டும். 'கவிதை' தப்பிவிடும், 'சொற்பொழிவு' மாட்டும். இணையதளத்தில் பத்துப் படத்தில் மூன்று மட்டும் வரவில்லை என்றால், அந்த மூன்றின் பெயரில் கொம்பும் காலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உபுண்டுவில் "கான்வ்எம்வி" என்ற கருவியை நிறுவுங்கள். "கான்வ்எம்வி மைனஸ் எஃப் யூடிஎஃப்-8 மைனஸ் டீ யூடிஎஃப்-8 மைனஸ் மைனஸ் என்எஃப்சி மைனஸ் ஆர்" என்று தட்டி, ஃபோல்டர் பெயரைக் கொடுங்கள். முதலில் என்னென்ன மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. பட்டியல் சரி என்றால் அதே வரியில் "மைனஸ் மைனஸ் நோடெஸ்ட்" சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

அறிகுறி: "பெயர் மிக நீளம்", "பாதை மிக நீளம்"

விண்டோஸில் வந்தால் பாதை நீளம். டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயரின் கடைசிவரை 260 எழுத்து என்பது எக்ஸ்புளோரரின் பழைய எல்லை. 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்தால் ஜிப்பின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கும். உள்ளேயும் அதே பெயரில் ஃபோல்டர் இருந்தால் பாதை இரட்டிப்பாகும். டெஸ்க்டாப்பில் பிரிக்காமல் சி டிரைவின் அடியில் ஒரே எழுத்தில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் பிரியுங்கள். விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து நீண்ட பாதைக்கு ஒரு ரெஜிஸ்ட்ரி அமைப்பு உண்டு, ஆனால் அதைப் போட்டாலும் எக்ஸ்புளோரர் கேட்பதில்லை. அதில் நேரம் செலவிட வேண்டாம்.

உபுண்டுவில் வந்தால் பெயர் நீளம், அதிலும் தமிழுக்கே உரிய நீளம். ஈஎக்ஸ்டி4 வட்டில் ஒரு பெயருக்கு 255 பைட். விண்டோஸில் 255 குறியீடுகள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். தமிழிலோ ஒரு குறியீடு மூன்று பைட் தின்பதால் 85 குறியீட்டிலேயே எல்லை வந்துவிடுகிறது. 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு, வட்டில் 15 பைட். 'பெங்களூர்' 27 பைட். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் ஃபைல் பெயராக வைக்கிற பழக்கம் இருந்தால், கண்ணுக்கு ஏறக்குறைய ஐம்பது எழுத்தைத் தாண்டும்போதே லினக்ஸில் இடிக்கும். அனுப்பியவரைக் கேட்டுப் பெயரைச் சுருக்கச் சொல்வது நல்லது. அவர் கிடைக்காவிட்டால் விண்டோஸில் 7-ஜிப்புக்குள் திறந்து, எஃப்2 தட்டி, ஜிப்புக்குள்ளேயே பெயரை மாற்றலாம்.

அறிகுறி: பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் திறக்கவில்லை

ஜிப்பில் இரண்டு வகைப் பூட்டு உண்டு. பழைய ஜிப்கிரிப்டோ, புதிய ஏஇஎஸ். விண்டோஸ் எக்ஸ்புளோரருக்கு ஏஇஎஸ் பூட்டு தெரியாது. பல பதிப்புகளில் பாஸ்வேர்டைக் கேட்காமலே 0எக்ஸ்80004005 என்ற எண்ணோடு "அன்ஸ்பெசிஃபைடு எர்ரர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. டெர்மினலின் அன்ஜிப் கருவி கொஞ்சம் நேர்மையானது: "5.1 பதிப்பு வேண்டும், என்னால் 4.6 வரைதான் முடியும்" என்ற பொருளில் ஒரு வரி எழுதும். 5.1 என்று பார்த்தால் ஏஇஎஸ் என்று புரிந்துகொள்ளுங்கள். 6.3 என்று வந்தால் பூட்டு பிரச்சினையே இல்லை, உள்ளே எல்இசட்எம்ஏ முறையில் சுருக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: விண்டோஸில் 7-ஜிப், மேக்கில் கேக்கா, உபுண்டுவில் 7இசட் கட்டளை.

பாஸ்வேர்டையே தவறாக நினைத்திருக்கவும் கூடும். ஆதார் ஆஃப்லைன் இ-கேஒய்சி ஜிப்பைத் திறக்க, டவுன்லோடு செய்யும்போது நீங்களே கொடுத்த நான்கு இலக்க ஷேர் கோடுதான் வேண்டும். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது இ-ஆதார் பிடிஎஃப்புக்கு உரியது. இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்கிறவர்கள் நிறைய.

பாஸ்வேர்டைத் தமிழில் வைக்காதீர்கள், ரூபாய்க் குறியும் வேண்டாம். அதே எழுத்தை ஒரு கருவி யூடிஎஃப்-8-ஆகவும் இன்னொன்று பழைய பட்டியலின்படியும் பைட்டாக மாற்றும். நீங்கள் தட்டியது சரி, ஆனால் பூட்டுக்குப் போய்ச் சேர்வது வேறு. ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும், நீளத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று, ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். 'சம்பளப்பட்டியல்' என்ற பெயரே தெரியக்கூடாது என்றால் செவன்-ஜிப் வடிவத்தில் "பெயர்களையும் பூட்டு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப் பூட்டியதை ஜிமெயில் இணைப்பாக ஏற்காது, டிரைவ் லிங்க்காகத்தான் அனுப்ப வேண்டும்.

அறிகுறி: பெரிய ஃபைல் 4 ஜிபியில் நிற்கிறது, அல்லது பிரித்தால் பாதிதான் இருக்கிறது

பென்டிரைவில் காப்பி ஆகாமல் நின்றால் ஜிப்பைக் குறை சொல்ல வேண்டாம். எஃப்ஏடி32 வட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது, அதற்கு ஒரு பைட் முன்னால் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக், புதிய உபுண்டு எல்லாவற்றிலும் எழுதலாம். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிப்புக்கே பழைய எல்லைகள் உண்டு: 4 ஜிபி அளவு, 65,535 ஃபைல்கள். 2001-இல் வந்த ஜிப்64 இவற்றை நீக்கியது. அன்ஜிப் கருவிக்கு அது 6.0 பதிப்பில்தான் தெரிய வந்தது. மேக்கின் ஆர்கைவ் யூட்டிலிட்டி 4 ஜிபியைத் தாண்டிய ஜிப்புகளில் ஜிப்64 விவரங்களைச் சரியாக எழுதாமல் விடும் பிரச்சினை நெடுநாளாக இருக்கிறது. மேக்கிலேயே திறந்தால் நன்றாகத் திறக்கும், மற்ற இடத்தில் கெட்டது போலத் தெரியும். மேக்கில் பெரிய ஃபோல்டரை டெர்மினலில் "ஜிப் மைனஸ் ஆர்" கொடுத்துக் கட்டினால் இந்த வம்பு இல்லை. விண்டோஸ் பவர்ஷெல்லின் "கம்ப்ரஸ்-ஆர்கைவ்" கட்டளைக்கு எல்லை 2 ஜிபிதான்.

கூகுள் டிரைவில் பெரிய ஃபோல்டரை டவுன்லோடு செய்தால் 001, 002 என்று எண் போட்ட பல ஜிப்புகளாக வரும். இவை துண்டுகள் இல்லை, ஒவ்வொன்றும் தனியான முழு ஜிப். ஒரே ஃபோல்டரின் ஃபைல்கள் இவற்றில் சிதறிக் கிடக்கும். விண்டோஸில் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குப் பிரித்தால் தானாக ஒன்றுசேரும். மேக்கில் ஒவ்வொன்றையும் இரட்டைக் கிளிக் செய்தால் 'மலர்', 'மலர் 2', 'மலர் 3' என்று தனித்தனி ஃபோல்டராக நிற்கும். அவற்றை ஃபைண்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துப் போட்டு "ரீப்ளேஸ்" அழுத்திவிட்டால் முதல் ஃபோல்டரில் இருந்ததெல்லாம் போய்விடும். இப்படித்தான் ஒரு வருடத்துப் படங்கள் ஒரு கிளிக்கில் மறைகின்றன. டெர்மினலில் "அன்ஜிப்" மூலம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பிரியுங்கள்.

இதற்கு மாறாக, இசட்01, 7இசட்.001, பார்ட்1.ரார் என்று வருபவை உண்மையான துண்டுகள். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு துண்டின் பெயரில் போன் '(1)' என்று சேர்த்திருந்தால் அதை நீக்குங்கள். திறக்க வேண்டியது ராரிலும் செவன்-ஜிப்பிலும் முதல் துண்டை, இசட்01 வகையில் ஜிப் என்று முடிவதை.

அறிகுறி: ஃபைல் எண்ணிக்கை குறைகிறது, சிலது மட்டும் பிரியவில்லை

லினக்ஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உண்டு, விண்டோஸிலும் வழக்கமான மேக்கிலும் கிடையாது. அங்கே தனித்தனியாக இருந்த இரண்டு ஆங்கிலப் பெயர்கள் இங்கே ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். "மேலெழுதவா?" என்று கேட்கும்போது யோசிக்காமல் 'ஆம்' தட்டியிருப்பீர்கள். மறுபடி பிரித்து, இந்த முறை "ரீநேம்" கொடுங்கள்.

தேதி போட்ட பெயர்களும் மாட்டும். மேக் ஃபைண்டரில் 'கூட்டம் 12/08' என்று பெயர் வைத்தால், அந்தச் சாய்வுக் கோடு உள்ளே முக்காற்புள்ளியாகச் சேமிக்கப்படுகிறது. விண்டோஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி கூடாது. கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், செங்குத்துக் கோடும் கூடாது. 'கான்', 'ஆக்ஸ்', 'நல்' என்ற ஆங்கிலப் பெயர்களை விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது. 7-ஜிப் இவற்றை அடிக்கோடாக மாற்றிப் பிரித்துக் கொடுத்துவிடும்.

அறிகுறி: ஃபோல்டர்களே இல்லாமல், பெயருக்குள் பின்சாய்வுக் கோடு போட்ட ஃபைல்கள்

பழைய டாட்நெட் மென்பொருள்களும் பழைய பவர்ஷெல்லும் கட்டிய ஜிப்பில் பாதையைப் பின்சாய்வுக் கோட்டால் எழுதியிருப்பார்கள். வரையறைப்படி முன்சாய்வுக் கோடுதான் வேண்டும். உபுண்டுவின் அன்ஜிப் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் தானே திருத்திக்கொள்ளும். அனுப்புகிற அலுவலக மென்பொருளைத் திருத்தச் சொல்வதுதான் நிரந்தர வழி.

அறிகுறி: '__மேக்ஓஎஸ்எக்ஸ்' என்று வேண்டாத ஃபோல்டர்

வைரஸ் இல்லை. மேக்கின் கூடுதல் விவரங்கள் அதில் இருக்கின்றன, விண்டோஸிலும் லினக்ஸிலும் தயங்காமல் அழிக்கலாம். புள்ளி, அடிக்கோடு என்று தொடங்கும் சிறிய ஃபைல்களும் அதே வகை. அச்சகத்தில் படங்களை மொத்தமாக இழுத்துப் போடும்போது "இந்தப் படம் திறக்கவில்லை" என்று வருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

அறிகுறி: ரார் திறக்கவில்லை

உபுண்டுவில் 'அன்ரார்-ஃப்ரீ' இருந்தால் நீக்கிவிட்டு, மல்டிவெர்ஸ் களஞ்சியத்திலிருந்து 'அன்ரார்' நிறுவுங்கள். 2013-இல் வந்த ரார்5 வடிவத்தைப் பழைய கருவிகள் படிக்காது. விண்டோஸ் 11-க்கு 2023 கடைசியில் ரார், செவன்-ஜிப், டார் எல்லாம் தானாகத் திறக்கும் வசதி வந்தது. ஆனால் பாஸ்வேர்டு போட்ட ரார், செவன்-ஜிப்புக்கு அது உதவாது. வின்ரார் வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 6.23-க்கு முந்தைய பதிப்புகளில் இருந்த ஓட்டையை 2023-இல் உண்மையான தாக்குதல்களில் பயன்படுத்தினார்கள், 2025-இல் இன்னொரு ஓட்டை 7.13-இல் அடைக்கப்பட்டது. வின்ராரும் 7-ஜிப்பும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை, நீங்கள்தான் போய்ப் புதியதை இறக்க வேண்டும்.

அறிகுறி: பிரித்த நிரல் ஓட மறுக்கிறது

விண்டோஸில் கட்டிய ஜிப்பில் யூனிக்ஸின் இயக்கும் அனுமதி இருக்காது. லினக்ஸில் "சிஎச்மோட் பிளஸ் எக்ஸ்" கொடுங்கள். அனுமதியும் இணைப்புகளும் முக்கியம் என்றால் அதை டார்-ஜீஜிப்பாகக் கட்டுவதே முறை. விண்டோஸ் 10-இல் 2018 முதல் டார் கட்டளை உள்ளேயே இருக்கிறது, ஆகவே எதிர்முனையில் திறக்க முடியாதோ என்ற கவலை வேண்டாம்.

அறிகுறி: நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது

ஜிப்பின் அடிப்படை நேரக் குறிப்பில் எந்த நாட்டு நேரம் என்ற தகவல் கிடையாது. பெங்களூரில் மாலை 6 மணிக்கு எக்ஸ்புளோரரில் கட்டியதை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரில் பிரித்தால், அது யூடிசி 6 மணி என்று எழுதிக்கொள்ளும். நம் நேரப்படி அது இரவு 11.30. எதிர்த்திசையில் வந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். போதாக்குறைக்கு அந்தக் குறிப்பு இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் நகரும். அதனால்தான் மாறிய ஃபைல்களை மட்டும் காப்பி செய்யும் ஆர்சிங்க் கருவி எல்லா ஃபைலும் மாறிவிட்டதாக நினைத்து மறுபடி காப்பி செய்கிறது. "மைனஸ் மைனஸ் மாடிஃபை-விண்டோ சமம் 1" கொடுத்தால் இந்த இரண்டு வினாடிக் குழப்பம் அடங்கும். 7-ஜிப்பும் உபுண்டுவின் ஜிப் கருவியும் யூடிசி நேரத்தையும் சேர்த்தே எழுதுவதால், நேரம் முக்கியமான வேலைக்கு அவற்றால் கட்டுங்கள்.

கட்டி அனுப்புகிறவர் நீங்களாக இருந்தால்

மேக்கில் டெர்மினலைத் திறந்து, ஃபோல்டருக்கு வெளியே நின்று, "ஜிப் மைனஸ் ஆர் மைனஸ் எக்ஸ்" (எக்ஸ் பெரிய எழுத்து), ஜிப்பின் பெயர், ஃபோல்டர் பெயர், பிறகு "மைனஸ் எக்ஸ்" (இது சிறிய எழுத்து), மேற்கோளுக்குள் "நட்சத்திரம் டாட் டிஎஸ்_ஸ்டோர்" என்று தட்டிக் கட்டுங்கள். விண்டோஸில் 7-ஜிப்பில் வடிவம் ஜிப், முறை டிஃப்லேட் என்று வையுங்கள். அதிகம் சுருங்கும் என்று எல்இசட்எம்ஏவுக்குப் போனால் எதிர்முனையில் ஒருவருக்காவது திறக்காது. ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோவும் எப்படியும் சுருங்காது, அவற்றுக்கு "ஸ்டோர்" போதும், நேரமாவது மிச்சம்.

அனுப்பும்போது கூடவே ஃபைலின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணையும் மெசேஜில் போடுங்கள். விண்டோஸில் "செர்ட்யூட்டில் மைனஸ் ஹேஷ்ஃபைல்", ஃபைல் பெயர், "எஸ்எச்ஏ256". மேக்கில் "ஷாசம் மைனஸ் ஏ 256". உபுண்டுவில் "எஸ்எச்ஏ256சம்". வாங்கியவர் தன் பக்கம் எடுத்த எண்ணின் முதல் எட்டு இலக்கமும் கடைசி எட்டு இலக்கமும் உங்களுடையதோடு பொருந்தினால் வழியில் எதுவும் கெடவில்லை. பொருந்தாவிட்டால் மட்டும் திரும்ப அனுப்புங்கள்.